முன்னால் மடிந்த பட்டை

அப்பா படித்துக்கொண்டிருந்த மர்ம நாவல் பாதியில் நின்றுபோயிருந்தது. கொலை நடந்தாயிற்று, கொலைகாரன் யாரென்று தெரியவில்லை. அதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் லாரி ஓட்டிய மனிதரின் இடது கை இப்போது மடியில் சும்மா கிடந்தது. ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்தால் பக்கம் புரட்ட முடியாது; புரட்டப்போனால் புத்தகம் நழுவிவிடும்.

"நான் படிச்சுக் காட்டறேன்ப்பா," என்றாள் அக்கா.

"வேண்டாம் தாயே. நீ படிச்சா கொலைகாரன்கூட நல்லவன் மாதிரி இருக்கான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு புத்தகத்தைத் தொடவேயில்லை. அதுதான் சின்ன மகளைக் குடைந்தது.

அவளுக்குப் பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் வடிவமைப்பு வகுப்பு. அட்டையை வெட்டி மடித்து ஒரு புத்தகத் தாங்கி செய்தாள். அடியில் ஒரு பட்டை பின்னால் மடிந்து அதை நிற்கவைத்தது. கீழ் விளிம்பு பக்கங்களை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் தாங்கி நகர்ந்து சரிந்தது.

கலை, வடிவமைப்பு ஆய்வுகளைப் பலரும் கூடி அலசும் இணையக் குழு ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். அங்கே ஒரு விதி: ஒருவர் போட்டதை நீங்களும் செய்துபார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. பாராட்டுவதற்கும் அதே விதிதான். வெட்டும் வரைபடத்தை அதில் போட்டாள்.

சத்தமே இல்லை. மருந்துக்கடை மேசைக்கடியில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி, உன் கூட்டாளிங்க எல்லாரும் கத்தரிக்கோல் வாங்கப் போயிட்டாங்களா?" என்று வீட்டில் அக்கா சீண்டினாள்.

சாயத்தையும் ஒலியையும் ஆராய்கிறவர்கள் நடுவே தன் அட்டை சிறுபிள்ளை வேலையாகத் தெரிந்திருக்குமோ? எடுத்துவிடலாம் என்று அவள் முடிவு செய்த அன்று இரவு, வீட்டில் இருந்தபோதுதான் படங்கள் வந்தன. மூன்று பேர் செய்திருந்தார்கள். மூன்றிலும் அடிப்பட்டை பின்னால் போகாமல், நாக்கை நீட்டியதுபோல் முன்னால் மடிந்திருந்தது.

எந்தப் பக்கம் மடிக்க வேண்டுமென்று அவள் குறிக்கவேயில்லை! காதெல்லாம் சூடேறியது.

"என் தப்புங்க. பட்டை பின்னால போகணும். வரைபடத்தை எடுத்துடறேன்," என்று எழுதினாள்.

'நூல்கண்டு' என்ற பெயரில் இருந்தவர் உடனே பதில் போட்டார்: "எடுக்காதீங்க! முன்னால இருக்கறதாலதான் என்னோடது நகரல. பட்டை மேல டீ கப் வெச்சிருக்கேன், பாருங்க."

"என்னோடதுல பூனை உக்காந்திருக்கு," என்றார் 'மரத்தூள்'. "அது எந்திரிச்சா எல்லாம் போச்சு. எந்திரிக்காத கனமா உங்க வீட்ல ஏதாவது இருக்கா?"

சின்னவள் நிமிர்ந்தாள். எதிரே அப்பாவின் மடியில் அந்தக் கை கிடந்தது.

பட்டையை முன்னால் மடித்துப் புதிதாக ஒன்று செய்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இடது கையை இந்தப் பட்டை மேல வைங்கப்பா."

"அது ரிட்டயர் ஆன கைம்மா."

"மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

வலது கையால் இடது கையைத் தூக்கிப் பட்டையின்மேல் வைத்தார். ஒரு பக்கம் புரட்டினார். தாங்கி அசையவில்லை. இன்னொரு பக்கம். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"யாருப்பா கொலைகாரன்?" உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

"சும்மா இரும்மா. இப்பதான் டாக்டர் மேல சந்தேகம் வந்திருக்கு."

சின்னவள் போனை எடுத்தாள். "உங்க கையோட ஒரு படம் எடுத்துக்கட்டுமாப்பா? குழுவுல காட்டணும்."

"எடு, எடு," என்றார், தலையைத் தூக்காமலே. "வெளிச்சத்தை மட்டும் மறைக்காத."