வரைபடத்தில் இல்லாத ஆணி

“இழுக்காதீங்க! தோல் உரியுது!” என்று கத்தினாள் கெர்டா.

சவப்பெட்டிக்காரரும் அவருடைய ஆளும் கையை எடுத்தார்கள். அப்பா நாற்காலியிலேயே இருந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. இதயம் பழுதானதிலிருந்து படுத்தால் மூச்சு முட்டும். மூன்று வாரமாக அந்த நாற்காலியில்தான் தூக்கம். உடம்பில் நீர் கோத்து இடுப்பு வீங்கி, நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே இறுகிப்போயிருந்தார். 1951-இல் தன் உடம்பையே அளந்து வரைந்த நாற்காலி. யார் உட்கார்ந்தாலும் பொருந்தும் என்று கோபன்ஹேகன் முழுக்கப் பெருமை பேசியவர் அப்பா, வடிவமைப்பாளர் ஹோல்கர் ரவுன்ஹோல்ட். கடைசியில் அவருக்கே பொருந்தவில்லை.

“தாடை விறைச்சிடுச்சு,” என்றார் சவப்பெட்டிக்காரர். “இன்னும் ரெண்டு மணி நேரம் போனா உட்கார்ந்த மேனிக்கே விறைச்சுப்போவார். அப்புறம் அமுக்கித்தான் நிமிர்த்தணும். ஒரு கையை அறுத்துட்டா...”

“யார் கையை?” என்று சீறினாள் அம்மா தியூரா.

“நாற்காலி கையைத்தாம்மா.”

“அதுதான் முதல் நாற்காலி. மியூசியத்துக்குன்னு எழுதி வச்சிருக்கார். வியாழக்கிழமை வண்டி வருது. ரம்பம் வைக்கக் கூடாது.”

அப்பாவை அமுக்க கெர்டா விடமாட்டாள். நாற்காலியை அறுக்காமல் அவரை வெளியே எடுக்கக்கூடியவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் எடுத்ததில்லை.

முதல் நாற்காலியைச் செய்த தச்சர் லவுஸ்ட். அப்பா வரைந்தபடி செய்தபோது மூன்று முறை கை விரிசல் விட்டது. நாலாவது முறை லவுஸ்ட் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தானே ஒரு மூட்டு வெட்டினார். பத்திரிகைகள் அதற்கு ‘ரவுன்ஹோல்ட் மூட்டு’ என்று பெயர் வைத்தன. லவுஸ்ட் ஒரே ஒரு தடவை நியாயம் கேட்டு வந்தார். பட்டறையில் இருந்த ஒன்பது வயது கெர்டாவிடம், “நான் வெட்டினதை நீ பாத்தேல்ல?” என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள், “நான் விளையாடிக்கிட்டு இருந்தேன்,” என்று சொன்னாள்.

அம்மா பார்க்கப் பார்க்க கெர்டா டெலிபோனை எடுத்தாள்.

அரை மணி நேரத்தில் லவுஸ்ட் வந்தார். தொப்பியில் பனி. மரச்செருப்பை வாசலில் கழற்றினார், அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த முழு அளவு வரைபடத்தையும் பார்க்கவில்லை. குனிந்து நாற்காலிக் கையின் அடியைத் தடவினார்.

“ரம்பம் கொண்டாந்திருக்கீங்களா?” என்றார் சவப்பெட்டிக்காரர்.

“எதுக்கு? படத்தில இல்லாத ஆணி ஒண்ணு இங்க இருக்கு.”

கொட்டாப்புளியால் இரண்டே தட்டு. விரல் நீளத்துக்கு ஒரு மர ஆணி வெளியே வந்தது; கை ஒரு கீறலில்லாமல் கழன்றது. அப்பா சரிந்தபோது லவுஸ்ட்தான் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

படுக்கையில் கிடத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அப்பா எப்போதும் பென்சில் செருகி வைக்கும் சட்டைப்பையில் லவுஸ்ட் அந்த ஆணியைப் போட்டார்.

“எங்கிட்டேருந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான். இதையும் கொண்டு போகட்டும்,” என்றார்.

“மாமா, அன்னைக்கு நான் விளையாடலை,” என்றாள் கெர்டா. “பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“தெரியும். ஒம்பது வயசுப் புள்ள வேற என்ன சொல்லும்?”

கெர்டாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்பாவுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

லவுஸ்ட் கூடத்துக்கு வந்து கையை அதன் இடத்தில் பொருத்தி வைத்தார். பார்வைக்கு நாற்காலி முழுசாக இருந்தது. அம்மா காபி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போனாள்.

“உட்காராதீங்க!” என்றார்கள் லவுஸ்டும் கெர்டாவும் ஒரே நேரத்தில்.

“ஏன்?”

“ஆணி இல்லை. கை கழண்டு விழும்,” என்றாள் கெர்டா.

அம்மா குனிந்து நாற்காலிக் கையின் அடியைப் பார்த்தாள். “அது இல்லாம நிக்காதா?”

“நிக்காது,” என்றார் லவுஸ்ட்.

அம்மா படுக்கையறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஆணியை ஏப்ரன் துணியில் துடைத்துக்கொண்டே வந்து லவுஸ்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் குனிந்து தட்டிக்கொண்டிருந்தபோது, மேசை இழுப்பறையிலிருந்து மியூசியத்தின் காகிதத்தை எடுத்தாள். அதில் உருவாக்கியவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. காகிதத்தை லவுஸ்டின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்தாள்.