தட்டில் எஞ்சிய வாஷர்

பத்தொன்பதாவது எஞ்சினும் முடிந்தது. எஞ்சின் கட்டுபவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பார்க்கவே கூடாது என்று நினைத்தபடியே மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். ஒரு குழி நிறைந்திருந்தது.

அந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் ஓர் எஞ்சினை முழுக்க ஒருவரேதான் கட்டுவார். அதற்கான உறுப்புகள் ஒரு மரத்தட்டில் வரும்; ஒவ்வோர் உறுப்பின் வடிவுக்கும் அதில் ஒரு குழி குடையப்பட்டிருக்கும். காலையில் பண்டக அறைக்காரர் குழிகளை நிரப்பித் தருவார். எஞ்சின் முடியும்போது தட்டு வெறுமையாகிவிட வேண்டும். “தட்டு காலி” என்று கட்டியவர் வாய்திறந்து சொல்லிவிட்டால் அது சத்தியவாக்கு. அதன்பின் மூடிய எஞ்சினைத் திறந்து பார்ப்பது அவரை முகத்தில் அறைவதற்குச் சமம் என்று அங்கே எல்லாரும் எண்ணினார்கள்.

முந்தைய பதினெட்டு முறையும் போலவே எஞ்சியிருந்தது ஒரு காது வாஷர். சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தின் பெரிய நட்டுக்கு அடியில் அது அமரும். நட்டை முறுக்கியபின் அதன் காதை உளியால் மடித்துவிட்டால், எஞ்சின் எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு கழலாது.

தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் அவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். வாஷர் உள்ளே, காது மடிந்து, ஒழுங்காக இருந்தது. தட்டிலும் இருந்தது. பண்டக அறைக்காரர் ஒன்றுதான் வைத்தேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். உங்க தட்டு குட்டி போடுதுங்க என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேலி பேசினார்கள். அவரும் சிரித்துவைத்தார், அந்தச் சிரிப்பு கண்வரை ஏறவில்லை.

ஏனெனில் அந்த வாஷரை அவருக்குத் தெரியும். அதன் விளிம்பில் அரம் வழுக்கி விழுந்த கீறல், பிறைபோல் வளைந்திருந்தது. அது விழுந்த நாளையும் அவர் மறக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு காலை. கட்டி முடித்த வண்டிகளை ஓட்டிச் சோதிப்பவர், அவருடைய தங்கையின் கணவர், மேசையருகே வந்து நின்றார். “மச்சான், எஞ்சின் கட்டுறீங்களா, தொட்டில் கட்டுறீங்களா? வெயில் ஏறுது பாருங்க” என்றார். இருவரும் சிரித்தார்கள்; அதில் இவர் தேய்த்துக்கொண்டிருந்த வாஷர்மேல் அரம் வழுக்க, அதைத் தட்டிலேயே வைத்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக இவர் நட்டை முறுக்கி மூடியையும் பூட்டிவிட்டார். பிறகுதான் தட்டில் வாஷரைக் கண்டார். மைத்துனர் கண்ணெதிரே, கட்டியதைப் பிரிக்க நாணம். ஒன்று கூடுதலாக வைத்துவிட்டார்கள் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அதைச் சட்டைப்பையில் போட்டார்.

அன்றே மலைச்சாலையின் மூன்றாம் வளைவில் அந்த வண்டியின் சங்கிலி சிக்கி, சக்கரம் சுழலாமல் இறுகிப் பூட்டிக்கொண்டது. ஓட்டிப் போன மைத்துனர் திரும்பவில்லை.

போர்மேன் அன்று ஒரே கேள்வி கேட்டார்: தட்டு காலிதானே? இவர், காலி என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எஞ்சினை எவரும் திறக்கவில்லை. ஓட்டியவரின் அதிவேகமே காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். மாலையில் இவர் வார்ப்பறைக்குப் போய், உருகித் தளதளத்த இரும்பில் வாஷரைத் தம் கையாலேயே போட்டார். அது சிவந்து கரைந்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அதுதான் இப்போது தட்டில் கிடந்தது. தொட்டால் சுட்டது, இப்போதுதான் ஓடி நின்ற எஞ்சினின் சூடு.

உணவு இடைவேளை முடிந்ததும் தங்கை அந்த அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் நொறுங்கிய வண்டி உலைக்குப் போகும். வாஷரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வர்ணக்கூடத்துக்குப் போனார். தங்கை பெட்ரோல் டேங்கின்மேல் பொன்னிறக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அளவுகோல் இல்லை; மூச்சை அடக்கி, நீள்மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பு. கோடு முடிந்தபின்தான் பேசினாள்.

“அவரு வெந்நீரைக்கூட மெதுவாத்தான் ஊத்துவாரு அண்ணா. வேகமாப் போனாருன்னு எழுதியிருக்காங்க. ஏழு வாரமா அவரு மேலதான் கோபம் எனக்கு, அப்படி என்ன அவசரம்னு. நீ கட்டுன எஞ்சின்ல குறை இருக்காது. அப்ப தப்பு அவருதுதானே?”

அவர் வாயில் வந்தது வேறு. “சாப்பிட்டியா பாப்பா?”

அவள் அடுத்த கோட்டுக்குத் தூரிகையை நனைத்தாள். அவர் திரும்பி நடந்தார்.

உடைந்த வண்டிகள் போடும் கொட்டகைக்குப் போனார்; அங்கே ஆளில்லை. நொறுங்கிய வண்டி கித்தானுக்கு அடியில் கிடந்தது. வாஷர் தன் இடத்தைத்தான் தேடுகிறது, இடத்தில் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதோடு இனி யார் திறந்தாலும் குறை தெரியாது என்றும் தோன்றியது. அந்த இரண்டாம் எண்ணத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூடியைக் கழற்றினார். நட்டு தண்டின் நுனிவரை கழன்று வந்திருந்தது. வாஷரை வைத்தார், நட்டை முறுக்கினார், உளியால் காதை மடித்தார். மடிக்கையில் உளி சற்றே நழுவிக் காதில் ஒரு வடு விழுந்தது. மூடியைப் பூட்டினார். ஏழு வாரத்தில் முதன்முறையாக முழு மூச்சு வந்தது.

மேசைக்குத் திரும்பினார். குழி நிறைந்திருந்தது. பிறைக்கீறலோடு அதே வாஷர். இப்போது அதன் காது மடிந்திருந்தது; மடிப்பின்மேல் உளி நழுவிய புத்தம்புது வடு.

இடைவேளை முடிந்த சங்கு ஊதிற்று. சுடச்சுட அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவர் வர்ணக்கூடத்துக்கு விரைந்தார். போர்மேன் தாளை நீட்டியிருந்தார். தங்கை பேனாவைத் திறந்திருந்தாள். அவர் வாஷரைத் தாளின்மேல் வைத்தார். எண்ணெய் வட்டமாகப் பரவி எழுத்துகளை நனைத்தது.

“போடாதே பாப்பா. அன்னைக்குத் தட்டு காலி இல்ல. இது மிஞ்சிச்சு.”

“தெரிஞ்சேதான் காலின்னு சொன்னியா?”

“தெரிஞ்சேதான்.”

போர்மேன் தாளோடு எழுந்து கொட்டகைக்கு நடந்தார்; இவர் வாஷரை மீண்டும் கையில் பொத்திக்கொள்ள, இருவரும் பின்தொடர்ந்தார்கள். எல்லார் முன்னிலையிலும் மூடி திறக்கப்பட்டது. நட்டு தண்டின் நுனியில் தொங்கியது. அதன் அடியில் வாஷர் இல்லை. அரைமணிக்கு முன் முறுக்கிய தடயமே இல்லை. போர்மேன் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, அறிக்கையை நாலாகக் கிழித்தார். நாளையிலிருந்து உங்களுக்குத் தட்டு வராது என்று மட்டும் சொன்னார். அவர் தலையாட்டினார்.

தங்கை கையை நீட்டினாள்.

“அதைக் குடு.”

“சுடும். பாத்து.”

அவள் வாஷரை உள்ளங்கையில் வாங்கி விரல்களை மூடிக்கொண்டாள்.

“எங்கே சுடுது? ஆறித்தான் இருக்கு” என்றாள். பிறகு அண்ணனைப் பார்க்காமல், டேங்கின்மேல் உலராதிருந்த பொன்னிறக் கோட்டை நோக்கி நடந்தாள்.

அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வட்டமாய் ஒரு தடம் சிவந்திருந்தது, ஓரத்தில் பிறைபோல் ஒரு வளைவோடு. அதன் காந்தல் நிற்கவில்லை.