ரோட்டில் கிடந்த பூ

என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர். பரவையில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கவனக்குறைவாக வண்டி ஓட்டினார் என்று அவர் மேல் போலீஸ் கேஸ் போட்டதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சாயந்தரம் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பியிருக்கிறார். சற்று முன்புதான் அந்த ரோட்டில் ஒரு சவ ஊர்வலம் போயிருக்கிறது. வழியெல்லாம் செவ்வந்தியும் ரோஜா இதழும் இறைந்து கிடந்தன. செத்தவர்களுக்குப் போட்ட பூவை எங்கள் பக்கத்தில் மிதிக்க மாட்டார்கள். நடந்து போகிறவன் ஒதுங்கிக்கொள்ளலாம். வேன் எப்படி ஒதுங்கும்? இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டியவரை டிராபிக் எஸ்.ஐ. லூர்துராஜ் பைக்கில் துரத்திப் பிடித்தார். வாயை ஊதச் சொன்னார். குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கேஸ் கேஸ்தான்.

“பேசாம அபராதத்தக் கட்டிட்டு வாங்க மாப்ள. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடாதீக” என்றார் என் அண்ணன் செல்வக்குமார். இவரும் தலையை ஆட்டினார்.

“கட்டுனா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும்ண்ணே! பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாக? தண்டனைன்னு வந்துட்டா சாவியக் குடுத்துட்டுப் போயிரணும்னு சொல்லலையா?” என்று நான் கத்தினேன்.

கேஸ் போட்ட அன்றிலிருந்தே வேனை வேறு ஆள்தான் ஓட்டினான். இவர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை மறைக்க அந்த எஸ்.ஐ.யைத் தினமும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எங்கள் வக்கீல் முத்துமீனா கோர்ட்டு வாசலில் இவருக்குப் படித்துப் படித்துச் சொன்னார். “அண்ணே, பூவு, சாங்கியம்னு இழுக்காதீங்க. பள்ளம் கிடந்துச்சு, வண்டிய ஒடிச்சுத் திருப்புனேன்னு சொல்லுங்க. போதும்.”

உள்ளே போய் நின்றதும் மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்: “ஏன் அப்படி வளைச்சு வளைச்சு ஓட்டுனீங்க?”

“பூ கெடந்துச்சும்மா.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். முத்துமீனா கண்ணை மூடிக்கொண்டார்.

“பூவுக்காகவா? எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தா?”

“வரலம்மா. பாத்துட்டுத்தான் ஒடிச்சேன்.”

அரசு வக்கீல் ஒரு கடை வாசல் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். எதிரே ரோடு வெறிச்சென்று கிடக்க, வேன் அப்படியும் இப்படியும் ஆடி வந்தது. எனக்கே குடிகாரன் ஓட்டுவதுபோலத்தான் தெரிந்தது. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

“திரும்பப் போடுங்க” என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. போட்டார்கள். “வேனை விடுங்க. பின்னால ஒரு பைக் வருதே, அது யாரு?”

நாங்கள் எல்லாரும் அதுவரை வேனை மட்டுமே பார்த்திருந்தோம். சாட்சிக் கூண்டில் நின்ற லூர்துராஜ், “நான்தாம்மா” என்றார்.

“வேன் வளைஞ்ச இடத்துல எல்லாம் நீங்களும் வளையுறீங்களே?”

அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். “வேனைத் துரத்திட்டுப் போனாரும்மா. அதனால அதே வழியில…”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எஸ்.ஐ. தப்பித்திருப்பார். சொல்லவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இல்லம்மா. பூவ மிதிக்க மனசு வரல.”

“அப்போ கவனமில்லாம ஓட்டுனீங்களா?”

“இல்லம்மா. எதிர்ல வண்டி வருதான்னு பாத்துத்தான் வளைஞ்சேன்.”

“அவரும் அதைத்தானே சொல்றாரு?”

லூர்துராஜ் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “ஆமாம்மா” என்றார்.

கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா தீர்ப்பை எழுதத் தொடங்கினார். முத்துமீனா என் பக்கம் திரும்பி, விடுதலை என்று வாயை அசைத்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. எஸ்.ஐ.யைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றார். இத்தனை நாளும் நான் திட்டித் தீர்த்த அந்த மனுஷரை நிமிர்ந்து பார்க்க முடியாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.