ஒரு சாண் ஆழத்தில்

புரட்டாசியில் ஓர் உழவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வல்லத்துக்குப் பக்கத்தில் சின்னதுரைக்கு இருந்த மூன்று ஏக்கர் மானாவாரிக் களிமண்ணில் அன்றைக்கு உளுந்து விதைப்பு. அந்த வீட்டில் முதல் கை விதையை மருமகள்தான் போட வேண்டும் என்பது வழக்கம். அம்சவள்ளி விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்து, இடுப்பில் குழந்தையும் கையில் விதை முறமுமாகக் கிளம்பி நின்றாள்.

"அத இப்டி குடு" என்று சின்னதுரை முறத்தை வாங்கித் தன் மனைவி கெங்கம்மாளிடம் நீட்டினார். "நீயே போடு. இவ காலடி வச்சதுல இருந்து இந்த நெலத்துல இன்னா வெளைஞ்சிது? இந்தத் தபா அவ அந்தப் பக்கமே வர வாணாம்."

அம்சவள்ளிக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவள் புருஷன் வல்லரசு டிராக்டர் பக்கத்தில் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் டயரைப் பார்க்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவன் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

சின்னதுரையைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். பேத்தி இருமினால் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் நிலம் விஷயத்தில் அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மகன் கல்யாணத்துக்கு முன்பு அந்த மண் மூட்டை மூட்டையாக உளுந்து கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தட்டில் ஊற்றியதுபோல் நின்று பயிர் மஞ்சளடித்தது. மழை விட்டால் ஒரு வாரத்துக்குள் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, இருந்த பயிரும் காய்ந்தது. நடுவில் வீட்டுக்குள் புதிதாக வந்தது யார்? மருமகள். கணக்கு முடிந்தது.

அதே நிலத்தில் பனைமரத்தோரம் டிராக்டர் திரும்ப முடியாத ஒரு மூலை உண்டு. அம்சவள்ளி அங்கே மண்வெட்டியால் கொத்திப் போட்ட துவரை ஆள் உயரத்துக்கு நின்றது. "அவ கை ராசியில்லன்னா இது எப்டி வந்துதாம்?" என்று கெங்கம்மாள் ஒருமுறை கேட்டே விட்டாள். "அது மூலை. எங்கனா தண்ணி ஊறும்" என்று சின்னதுரை தள்ளிவிட்டார்.

இந்த வருஷம் கெங்கம்மாள் கையால் போட்ட விதைக்கும் அதே கதிதான். வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்திலாவது யோசித்திருப்பார். சின்னதுரையோ, மருமகள் வீட்டில் இருப்பதே ஆகவில்லை என்று முடிவு கட்டினார். "ஒரு போகம் அம்மா வூட்டுல இருக்கட்டும். மண்ணு திரும்புதான்னு பாக்கலாம்" என்றார்.

ஒரு போகம் என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அம்சவள்ளிக்கும் தெரியும். தை முடிவதற்குள் அவள் குழந்தையோடு கண்டாச்சிபுரத்துக்குக் கிளம்பினாள். வல்லரசு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனான். "நீயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா?" என்று அவள் கேட்டபோது அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான்.

மாசியில் பக்கத்து நிலத்துக்காரர் ஷபியுல்லா வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே நிலம் வாங்கியவர்.

"அண்ணே, என் போர்ல இருந்து மேல் கொல்லைக்கு பைப் போடணும். உங்க நெலத்துல ஓரமா ஒரு பள்ளம் எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்க பாய். அதுல இன்னா வெளையப் போவுது."

ஜேசிபி பனைமரத்து மூலையிலிருந்து தோண்ட ஆரம்பித்தது. அங்கே மண் பொலபொலவென்று வந்தது. துவரை வேர் ஒன்று இடுப்பாழம் வரைக்கும் நேராக இறங்கியிருந்தது. மூலையைத் தாண்டி உழுத நிலத்துக்குள் வந்ததும் வாளியின் பல் கிரீச்சிட்டது. ஷபியுல்லா பள்ளத்துக்குள் குதித்துப் பார்த்தார்.

"அண்ணே, ஜல்தி வாங்க! உள்ள யாரோ தளம் போட்டு வச்ச மாதிரி கீது!"

சின்னதுரை இறங்கினார். மேலே ஒரு சாண் மண் மாவாக இருந்தது. அதற்குக் கீழே நாலு விரல் கனத்துக்கு ஓர் அடுக்கு, கடப்பாரை போட்டால் தெறிக்கிற இறுக்கம். காய்ந்த உளுந்துச் செடியின் வேர்கள் அதுவரைக்கும் வந்து, உள்ளே போக வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தன. அந்த அடுக்குக்குக் கீழே கையை வைத்தால் மண் சில்லென்று ஈரமாக இருந்தது. இத்தனை ஈரத்தைக் கீழே வைத்துக்கொண்டா பயிர் மேலே தாகத்தில் செத்தது!

"இந்தத் தளம் அந்த மூலையில காணமேண்ணே?" என்றார் ஷபியுல்லா.

சின்னதுரை குனிந்து கடப்பாரையால் அந்த அடுக்கைக் குத்தினார். ஒரு கட்டியைப் பெயர்த்துத் துண்டில் முடிந்துகொண்டு மறுநாள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார்.

வேளாண்மை அலுவலர் லூர்துமேரி கட்டியைத் தட்டிப் பார்த்தார். "மண்ணு மேல குத்தமே இல்லைங்க. களிமண்ணு மாதிரி தண்ணிய புடிச்சி வைக்கிற மண்ணு எது? வேரு கீழ எறங்கிட்டா போதும், மழை நின்ன பொறவும் அந்த ஈரத்துலயே உளுந்து வெளைஞ்சிடும். ஆனா ஈரமா இருக்கறப்ப வண்டிய ஏத்தி, வருசா வருசம் ஒரே ஆழத்துல ஓட்டினா, கத்தி எட்டாத எடத்துல இப்டி இறுகிப்பூடும். டிராக்டருக்குப் பின்னாடி கத்தி சுத்துமே, அந்த ரொட்டவேட்டர் ஓட்டுறீங்களா?"

"ஆமாங்க. அதுதான் மண்ண மாவு மாதிரி ஆக்குது. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிடுவோம்."

"எப்பல இருந்து?"

"எம்புள்ள கல்யாணம் ஆனதுல..."

 இதே வார்த்தையைத்தானே சின்னதுரை இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்! பெண்ணுக்கு நகை போடுகிறேன் என்ற சம்பந்தியிடம், "நகைய வச்சி இன்னா பண்றது? டிராக்டருக்கு ஒரு ரொட்டவேட்டர் எடுத்துக் குடுங்க" என்று கறாராகக் கேட்டு வாங்கியவர் அவரேதான். கல்யாணத்தோடு மருமகளும் வந்தாள், அந்த மெஷினும் வந்தது. ஒன்றைக் கணக்கில் சேர்த்துவிட்டு இன்னொன்றை வசதியாக மறந்திருக்கிறார். 

"சித்திரை வெயில்ல மண்ணு நல்லா காஞ்சதும் உளிக்கலப்பை போடுங்க" என்றார் லூர்துமேரி. "ஒன்ற அடி எறங்கி அந்த இறுக்கத்த ஒடைச்சிடும். குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, தொழுவுரம் அடிங்க. ஈரத்துல மட்டும் வண்டிய ஏத்தாதீங்க."

அங்கிருந்து சின்னதுரை ஊருக்குத் திரும்பவில்லை. விழுப்புரம் போய், வண்டி மாறி, சாயங்காலம் கண்டாச்சிபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார். அம்சவள்ளி குழந்தைக்குக் கேப்பைக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"அம்சா, நெலத்த கெடுத்தது நான்தாம்மா. சீருன்னு அந்த மெஷின கேட்டு வாங்கினதும் நான்தான், ஈரத்துல ஓட்டச் சொன்னதும் நான்தான். வா, நம்ம வூட்டுக்குப் போலாம். இனிமே நீதான் மொதல் வெத போடணும். நீ மகாலட்சுமிம்மா."

"அந்தப் பேரு வாணாம் மாமா." அவள் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வெளைஞ்சா மகாலட்சுமி, காஞ்சா மூதேவியா? நாளைக்கு மழையே பேயலன்னா மறுபடியும் பைய தூக்கிக்கினு இங்க வரணுமா? வெளைஞ்சாலும் என் ராசின்னு சொல்லக்கூடாது, காஞ்சாலும் என் ராசின்னு சொல்லக்கூடாது. அப்டின்னா வர்றேன். உங்க புள்ளைய வந்து கூப்பிடச் சொல்லுங்க. அவருக்கும் வாயி இருக்கான்னு பாக்கணும்."

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். மறுநாள் வல்லரசு வந்தான். அங்கே டயர் எதுவும் இல்லாததால் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது. "அப்பவே கேட்டிருக்கணும் அம்சா. தப்புதான்" என்றான். அவள் உடனே சிரித்துவிடவில்லை. ஆனால் பையை எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் உளிக்கலப்பை இறங்கியது. புரட்டாசியில் அம்சவள்ளி முதல் கை விதை போட்டாள். ஐப்பசி மழை நிலத்தில் தேங்காமல் உள்ளே போயிற்று. மார்கழியில் மழை நின்று வெறும் பனி பெய்துகொண்டிருந்தபோதும் செடிகள் வாடவில்லை. கறுத்த நெற்றுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மகளைப் பார்க்க வந்த சம்பந்தி நிலத்தில் இறங்கியதும் பூரித்துப் போனார்.

"பாத்தீங்களா சம்பந்தி! எம் பொண்ணு திரும்பி வந்த ராசி!"

செடி பிடுங்கிக்கொண்டிருந்த அம்சவள்ளி நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள்.

"ராசின்னு மட்டும் சொல்லாதீங்க சம்பந்தி" என்றார் சின்னதுரை. பக்கத்து நிலத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். "அந்த ஒத்த வார்த்தையாலதான் என் மருமவளயும் பேத்தியயும் இந்த வூட்ட விட்டு அனுப்பினேன். மொத வருசமே கடப்பாரைய எடுத்து ஒரு சாண் தோண்டியிருந்தா விசயம் தெரிஞ்சிருக்கும். அத செய்யாம, வந்த பொண்ணு தலையில பழிய போட்டுட்டேன். வெளைச்சல் கொறைஞ்சா மண்ணத்தான் சோதிக்கணும், மருமவள இல்ல."