திருக்கைத் தோல்

மைதிலி ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கோவைக்குப் போய்வரத் தொடங்கியதும், பெருமாநல்லூர் வீட்டு பிரிட்ஜில் மீன்தோல் குடியேறியது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அவள் கணவன் சசிகுமார் அதற்கு முகம் சுளிக்கவில்லை. புரட்டாசியில் மட்டும் வேறெங்காவது வைக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

தோலைக் கொடுத்தவள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து வேலம்பாளையத்தில் மீன் விற்பவள். திருக்கை மீனை உரித்த தோலை நாய்க்குப் போடுவதுதான் அவள் வழக்கம். அதைக் கேட்டு ஒருத்தி வந்து நின்றது வேடிக்கையாக இருந்தது. எதற்கென்று விசாரித்தாள். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்துத் துண்டு துண்டாக நறுக்கினால், ஏதாவதொரு துண்டு ரத்தக்கொதிப்பைத் தணிக்கக்கூடும் என்றாள் மைதிலி.

அப்படியொரு துண்டு கிடைக்கவும் செய்தது. ஆனால் செரிமான நீர் பட்டதுமே சிதைந்துபோனது. மைதிலி கணினி முன் உட்கார்ந்து, அமினோ அமிலங்கள் கோத்த அந்தக் குட்டிச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்தாள். கணினி முதலிடம் கொடுத்த வடிவத்தை வெளியே செய்யக் கொடுத்து வரவழைத்தால், அது தண்ணீரில் கரையாமல் திரிதிரியாகத் திரண்டு நின்றது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அவளுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. மறுபடி செய்ய முடியுமா என்று மட்டும் சசிகுமார் கேட்டான். முடியும் என்றாள்.

நன்றாகக் கரையக்கூடிய கண்ணி ஒன்றை நுனியில் சேர்த்தாள். பொங்கல் கழிந்து வந்த புது வடிவம் கரைந்தது. செரிமான நீரில் ஊறியும் சிதையவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் நொதியை அது சோதனைக்குழாயில் அடக்கிப் போட்டது. திரும்பத் திரும்பச் செய்தும் அதே விடைதான்.

வீட்டுக்குப் போகும் முன்பே ரோஸ்மேரியிடம் போய்ச் சொன்னாள். ரோஸ்மேரி கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கும் கொதிப்பு உண்டும்மா. அப்போ நான் திங்கிற மாத்திரைய விட்டுரலாமா?”

மைதிலி பதறிப்போனாள். “வேண்டாங்க்கா. இது இன்னும் குழாய்லதானுங்க இருக்குது. எலிக்குக் குடுத்துப் பாக்கோணும், அப்பறந்தான் மனுசருக்கு. வருசக்கணக்குல ஆகுமுங்க. ஆகாமயும் போகலாமுங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க.”

சொன்ன பிறகு, நல்ல சேதியைத் தானே சப்பென்று ஆக்கிவிட்டோமோ என்று சங்கடப்பட்டாள். ரோஸ்மேரிக்கு அப்படித் தோன்றவில்லை.

“வரும்போது வரட்டும். எங்க மீனுலேர்ந்து எடுத்ததுன்னு நாலு பேருட்ட சொல்லிக்கிடுவேன்லா” என்று சிரித்தாள். பிறகு நல்ல சீலா மீனாகப் பார்த்து நறுக்கிப் பையில் போட்டாள். “இது ஆராய்ச்சிக்கு இல்ல. குழம்பு வையி.”

சசிகுமார்தான் குழம்பு வைத்தான். கொஞ்சம் காரம் தூக்கல். மைதிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.