கமுதிக்குப் போன சுங்கக் கச்சேரி

கீழத்துறையில் வெள்ளைக்காரன் கட்டிய சுங்கக் கச்சேரிக் கட்டடம், வருஷா வருஷம் வாடைக்காற்று வீசியதும் கடலைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்துவிடும். இலங்கைக்குக் கப்பல் நின்றுபோன நாளிலிருந்து அதற்கு இந்தப் பழக்கம். ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; வலை காயப்போடப் பின்னால் இடம் கூடிற்றே என்று இருந்தார்கள். இந்த வருஷம் அலை வாசற்படியைத் தொட்டது. பார்க்க வந்த இன்ஜினீயர், இனி ஒரு விரல்கடை நகர்ந்தாலும் ஜேசிபியை விட்டு இடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கச்சேரிக்கு வாட்ச்மேன் ராக்கப்பன். கமுதிப் பக்கத்தில் மழை பொய்த்து மிளகாய்க் காடு கருகியபோது, இனி இந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு வந்தவன் அவன். கச்சேரியின் பின்கட்டுதான் அவனுக்கும் மனைவி செவ்வந்திக்கும் வீடு. இடித்தால் வேலையும் போச்சு, கூரையும் போச்சு. வெள்ளாமை பார்த்த சம்சாரி மூளை வேறெப்படி யோசிக்கும்? சந்தையில் வாங்கிய மாடு நிலைகொள்ளாமல் பழைய தொழுவத்துக்கே ஓடினால், அந்தத் தொழுவத்து மண்ணை அள்ளிவந்து புதுக் கட்டுத்தறியில் போடுவது அவர்கள் ஊர் வழக்கம். மாடு அடங்கிவிடும். ராக்கப்பன் ஊருக்குப் பஸ் ஏறிப் போய், மண்ணை மிதிக்காமல் ரோட்டில் நின்றபடியே ஒரு சாக்குக் கரிசல் மண்ணை அள்ளிவந்து கச்சேரியின் நாலு மூலையிலும் கொட்டினான். கரிசல் அவனுடைய மண். கச்சேரிக்கு அதோடு என்ன உறவு என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை.

விடிந்து பார்த்தால் கச்சேரி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காப்பி ஆறுவதற்குள் தெருவில் இறங்கிவிட்டது. ராக்கப்பன் முளையடித்துக் கயிறு கட்டிப் பார்த்தான், எடுபடவில்லை. ராமநாதபுரம் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால், பஸ்களோடு சேர்ந்து அதுவும் நின்றது. திறந்ததும் மேற்கே நடந்தது. பின்கட்டில் உலை கொதித்துக்கொண்டே வந்தது.

"மண்ண எங்கருந்து அள்ளுனீக?" என்றாள் செவ்வந்தி.

"நம்ம காட்டுலதான்."

"அப்ப வீட்டு நெனப்பு கச்சேரிக்கு இல்ல, ஒங்களுக்கு. ஒங்களக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் அது நிக்கும்."

ராக்கப்பன் வாசற்படியில் உட்கார்ந்தான். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய்தான். ஆனால் கருவேலங்காடு கண்ணில் பட்டதும் சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டான்.

அவன் தரிசாகப் போட்ட காட்டின் நடுவில் கச்சேரி போய் நின்றது. பிறகு நகரவில்லை. இன்ஜினீயர் வந்து அளந்து பார்த்து, அசையாத கட்டடத்தை எதற்கு இடிக்க என்று போய்விட்டார். வாட்ச்மேன் வேலையும் நிலைத்தது. வராந்தாவில் ஊரே மிளகாய் காயப்போடுகிறது. வாடைக்காற்று வீசும்போது மட்டும் கிழக்குச் சுவரில் உப்புப் பூக்கிறது. செவ்வந்தி அதைச் சுரண்டித்தான் குழம்பு வைக்கிறாள். கடையில் உப்பு வாங்குவதில்லை.