தானாக இறங்கும் தேர்

பிரேக் பெடலை மிதித்ததும் என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. ஹாலிஎல டவுனில் ஜுனைதீனின் கராஜ் வாசலில், மழை ஈரம் காயாத இறக்கத்தில், எங்கள் பழைய பிக்கப் உறுமிக்கொண்டே வந்து அவர் நினைத்த இடத்தில் நின்றது. மறுபடியும் பின்னால் எடுத்தார், மறுபடியும் வந்து நிறுத்தினார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அன்று அவருக்கு என்ன கவலையோ, நான் கேட்டதில்லை.

முன் சக்கரங்களிலிருந்த பழைய ட்ரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, ஒரு ஜப்பான் வேனிலிருந்து எடுத்த டிஸ்க் பிரேக்கை ஜுனைதீன் மாட்டியிருந்தான். பொனட்டைத் திறந்து, சோற்றுப்பானை மூடி அளவில் கறுப்பாக உருண்டையாக இருந்த ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

"இதுதான் அக்கா பூஸ்டர். அண்ணனுக்கு இனி மூணாவது காலு. எஞ்சின் ஓடி காத்த உறிஞ்ச உறிஞ்ச இதுக்குப் பலம் வரும். அண்ணன் லேசா மிதிச்சாப் போதும், மிச்சத்த இது மிதிக்கும். பின்னுக்கு ட்ரெய்லர் இழுக்கிற வண்டிக்கு இது இல்லாமச் சரிவராது."

நான் தலையை ஆட்டினேன். மெக்கானிக்குகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். வீட்டுக்காரர் அதைக் கேட்டாரோ என்னவோ, மறுபடியும் பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அவரைவிட வயதில் மூத்த வண்டி. நமுனுகுல மலையில் எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும், பாதையோரக் காணில் விழுந்த ஆட்டோக்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பதும் அதன் அன்றாட வேலை. வருஷத்தில் ஒருநாள் மட்டும் அது அம்மனை இழுக்கும். கோயில் கீழ் டிவிசனில் இருக்கிறது. திருவிழாவன்று தேரை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டி, பிக்கப்பின் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். காலையில் மேல் டிவிசனுக்கு இழுத்துக்கொண்டு போவோம். பின்னேரம் வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்தின் வாசலிலும் நின்று நின்று கீழே இறங்குவோம்.

இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஏறும்போது அம்மனை நாங்கள் இழுத்துப் போகலாம், இறங்கும்போது அவள் தானாகத்தான் இறங்கி வர வேண்டும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். வடம் பிடித்த காலத்திலும் அப்படித்தான், தோட்டத்து ட்ராக்டர் காலத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு ட்ராக்டர் டிரைவர், வெளியூர்க்காரர், எஞ்சினை ஓடவிட்டே இறக்கியிருக்கிறார். அந்த வருஷ மழையில்தான் மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு குடும்பமே போயிற்று என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வருஷம் மடுவத்து வளைவில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருக்கும் அந்த வளைவில், பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. அவர் மிதித்து மிதித்து எடுத்து, கடைசி நேரத்தில்தான் பிரேக் பிடித்தது. வண்டி நின்றபோது முன்னால் போன நல்லம்மா அக்காவின் சேலைத் தலைப்பு பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. "ஆத்தாவுக்கு இந்த வருசம் அவசரம்" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நல்லம்மா அக்காவும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தூக்கத்தில் அவருடைய வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். அது எப்போதும் என் கெண்டைக்காலாகத்தான் இருக்கும். விடிந்ததும், "ராணி, ராத்திரி உதைச்சனா?" என்று பாவம்போலக் கேட்பார். இல்லையென்று சொல்லிவிடுவேன். வேறு என்ன சொல்வது?

இந்தப் பிரேக் வேலையே அந்தப் பயத்துக்காகத்தான். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் மகள் யசோதினியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பா நல்லபடியாகத் தேரை இறக்க வேண்டுமென்று பால்குடம் நேர்ந்திருந்தாள். பால்குடக்காரிகள் தேருக்கு நேர் முன்னால், பம்பருக்குப் பத்து முழம் தள்ளி நடப்பார்கள். குடம் தலையில் இருக்கும்போது என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

திருவிழாவன்று மதியத்துக்கு மேல் தூறல் விட்டிருந்தது. கொங்கிரீட் பாதை கழுவிவிட்டதுபோலப் பளபளத்தது. நான் வழக்கம்போல முன் சீட்டில் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். இடது பக்கம் முழுக்கப் பள்ளம். அந்தப் பக்கத்துக்கு அவருக்கு நான்தான் கண். கோயில் தலைவர் ராமையா என் பெரியப்பா மகன். அவர் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பொனட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மாப்ளே, அணைங்க. ஆத்தா இறங்கட்டும்."

என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது, தப்பு முழங்கியது. தேரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் கயிறு உண்டு. மற்ற வருஷங்களில் அதைப் பிடிக்க ஆள் நெருக்கியடிப்பார்கள். இந்த வருஷம், "வீரய்யா அண்ணன் வண்டிக்குப் புதுப் பிரேக்கு" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிய சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. பாதிப்பேர் முன்னால் ஆடப் போய்விட்டார்கள், மீதிப்பேரில் பாதி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்தபோதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

முதல் லயத்து வாசலில் வண்டி பூப்போல நின்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அர்ச்சனை முடிந்து மறுபடி இறங்கியபோது இறக்கம் கூடியது. அவர் பழைய பிரேக்குக்கு மிதிப்பதைப் போலவே விட்டு விட்டு மிதித்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. இத்தனை வருஷத்துக் கால் அது, ஒருநாளில் மாறுமா? அடுத்த மிதியில் அவருடைய முகம் வெளுத்தது.

"ராணி." என் பக்கம் சாய்ந்தார். "பெடலு கல்லாட்டம் ஆயிடுச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"இறங்க மாட்டேங்குது புள்ள. மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது."

இரண்டு காலையும் பெடலில் வைத்து, சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தார். வண்டி கொஞ்சம் தயங்கியது, நிற்கவில்லை. பின்னாலிருந்து தேர் தள்ளியது. கைப்பிரேக்கை இழுத்தார். பின் சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கின. மடுவத்து வளைவு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் ஹோர்னை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். தப்படிக்கிறவர்கள் அதை உற்சாகமென்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள். ஆடுகிறவர்கள் இன்னும் ஆடினார்கள். ஓரத்தில் போனவர்கள் கையைத் தூக்கி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பால்குடக்காரிகள் ஒருத்தியும் திரும்பவில்லை. யசோதினியின் முதுகு, மஞ்சள் தண்ணீரில் நனைந்த அந்தச் சேலை, பொனட்டுக்கு மேலே பெரிதாகிக்கொண்டே வந்தது. "யசோ!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

எஞ்சின் ஓடி காத்த உறிஞ்ச உறிஞ்ச இதுக்குப் பலம் வரும். ஜுனைதீனின் குரல் அப்போதுதான் எனக்குள் கேட்டது. எஞ்சின்தான் ஓடவில்லையே!

நான் எட்டிச் சாவியைத் திருப்பினேன். "வேணாம், வேணாம்" என்றார் அவர். அந்த நேரத்திலும் அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினேன். ஒருமுறை இருமியது. விடாமல் அமுக்கினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெடல் அவருடைய காலுக்கடியில் இறங்கியது. வண்டி தலையைக் குனிந்து நின்றது. பின்னால் தேர் ஆடி, அதன் மணிகளெல்லாம் ஒன்றாக அடித்தன.

யசோதினிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவள் திரும்பவில்லை. தேரின் ஆட்டம் நிற்கிறவரைக்கும் அவர் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

தப்பு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. இறக்கத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டு ஓரத்தில் நின்ற பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். ராமையா அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"யாரு ஸ்டார்ட் பண்ணினது?"

"நான்தாண்ணே. எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்கு பிடிக்குது."

"புதுப் பிரேக்குன்னு சொன்னீங்க?"

"புதுசுங்கிறதாலதாண்ணே இப்படி. பழசுக்கு எஞ்சின் தேவையில்ல, இதுக்கு வேணும். இன்னும் ஒரு சாண்ல புள்ளையக் கொன்னுருப்போம்."

"அதான் நின்னுருச்சே. ஆத்தாதான நிப்பாட்டினா?" என் பக்கத்துக் கதவை இறுகப் பிடித்தார்; கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. "ராணி, நீ சின்னப் புள்ளையா? மண்ணு சரிஞ்ச கதை ஒனக்குத் தெரியாதா? மழையப் பாரு. நாளைக்கு மேல் லயத்துல ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கேப்பாங்க?" பிறகு பின்னால் திரும்பி, "எல்லாரும் வந்து கயித்தப் பிடிங்கடா!" என்று கத்தினார். "மாப்ளே, அணைங்க."

கயிற்றுக்கு ஆள் ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்குச் செருப்புக்கூட இல்லை. ஈர கொங்கிரீட்டில் அந்தக் கால்களை நம்பி என்ன செய்வது? இதற்குமேல்தான் பாதை இன்னும் செங்குத்தாக இறங்கும்.

என் வீட்டுக்காரரின் கை சாவியைப் பிடித்திருந்தது. கண்ணாடியில் அம்மன் முகத்தைப் பார்த்தார், முன்னால் யசோதினியைப் பார்த்தார்.

"ஆத்தா குத்தம் ஆயிடும் ராணி" என்றார் மெதுவாக.

"முன்னுக்கு நிக்கிறது நம்ம புள்ளைங்க."

அவர் சாவியைத் திருப்பவுமில்லை, கையை எடுக்கவுமில்லை. அவரை எனக்குத் தெரியும். நாலு பேர் சத்தம் போட்டால் திருப்பிவிடுவார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அம்மனிடம் எனக்கும் பயம்தான். இல்லையென்று சொன்னால் பொய். வண்டியைச் சுற்றி வந்து, பம்பருக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாணுக்குள் பக்கவாட்டில் நுழைந்து, வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் முதுகு அவளுடைய ஈர முதுகில் ஒட்டியது.

"அம்மா?" என்றாள், திரும்பாமல்.

"நடடி. நான் பின்னால இருக்கேன்."

இரண்டு உள்ளங்கைகளையும் பொனட்டில் வைத்தேன். சுட்டது. ராமையா அண்ணன் அந்தப் பக்கம் போய், டிரைவர் ஜன்னலில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ என்னை விலகச் சொன்னார்கள். தப்பு மறுபடி அடிக்கத் தொடங்கியது. மகளின் முதுகு என் முதுகிலிருந்து பிரிந்தது. நான் பள்ளத்தைப் பார்க்காமல், பின்பக்கமாக ஒரு அடி வைத்தேன். வண்டியும் ஒரு அடி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, சாவியைப் பிடித்திருந்த மற்றக் கை எனக்குத் தெரியவில்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது. உள்ளங்கைக்கடியில் பொனட் எஞ்சின் ஓட்டத்தில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.